ஊரிலிருந்து சிங்கப்பூர் வரும் பெட்டி: எதற்கு வரி, எதற்குத் தடை, எப்படி அறிவிப்பது

பெரியப்பா முதன்முறையாகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்தபோது, அவர் சட்டைப்பையில் ஒரு மூக்குப்பொடி டப்பா இருந்தது. ஐம்பது வருஷப் பழக்கம். சாங்கி விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் சோதனைக்கு நிறுத்தினார்கள். பையில் இருப்பதை எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னபோது அந்த டப்பாவும் மேஜைக்கு வந்தது. இது இந்த நாட்டுக்குள் வரக்கூடாத பொருள் என்று அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னார். ஆனாலும் பெரியப்பாவுக்குக் கை நடுங்கிவிட்டது. எழுபது வயது மனிதர், வாழ்நாளில் போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதிக்காதவர். அவரிடம் முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தவறு.

அன்றிலிருந்து ஊரில் யார் கிளம்பினாலும் ஒரு வாரத்துக்கு முன்பே போன் போட்டு அரை மணி நேரம் பேசிவிடுகிறேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சுங்கத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை விமான நிலையத்தில் பிறப்பவை அல்ல. வீட்டுக் கூடத்தில் பெட்டியைத் திறந்துவைத்து ஆளாளுக்கு ஒரு பொட்டலத்தைத் திணிக்கும்போதே பிறந்துவிடுகின்றன. அதனால் வேலையை அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: வருபவர் யார்?

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. சிங்கப்பூருக்குள் கொண்டுவரும் புதுப் பொருட்களுக்குப் பொருள் சேவை வரி உண்டு. 2024 ஜனவரி முதல் அது 9 விழுக்காடு. பயணிகளுக்கு இதில் ஒரு சலுகை கொடுக்கிறார்கள். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்புள்ள பொருட்கள் வரை வரி கிடையாது. 48 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளி வரைதான். 2019 பிப்ரவரிக்கு முன்பு இவை 600, 150 என்று இருந்தன. பழைய கணக்கை மனதில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தச் சலுகை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சுற்றிப்பார்க்க வரும் உறவினர்களுக்கும் உண்டு. வேலை அனுமதிச் சீட்டு, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் பாஸ், சார்ந்திருப்போர் பாஸ், நீண்டகாலப் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. விமான ஊழியர்களுக்கும் இல்லை. அதாவது, இங்கே வேலை பார்க்கும் தம்பி தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போய், மனைவிக்கு ஒரு பட்டுப்புடவையும் பிள்ளைக்கு ஒரு டேப்லெட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினால், முதல் வெள்ளியிலிருந்தே வரிக் கணக்கு ஆரம்பம். கூடவே வரும் அம்மாவுக்கு 500 வெள்ளிச் சலுகை உண்டு, மகனுக்குக் கிடையாது. ஒரே விமானம், ஒரே வரிசை, ஆனால் கணக்கு வேறு. தெரியாமல் நேராக நடந்து போய் மாட்டிக்கொள்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாஸ் வைத்திருக்கும் நண்பர்களிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதுப் புடவை, நகை, பரிசுப் பொருட்கள் எல்லாம் சேர்த்து 1,200 வெள்ளி. இரண்டு வாரம் ஊரில் இருந்துவிட்டு வருபவர் நிரந்தரவாசி என்றால், 500 போக மீதி 700 வெள்ளிக்கு 9 விழுக்காடு, அதாவது 63 வெள்ளி. அதே பெட்டி வேலை பாஸ் வைத்திருப்பவருடையது என்றால் 1,200-க்கும் சேர்த்து 108 வெள்ளி. இந்தத் தொகைக்குப் பயந்து ஒளித்துக் கொண்டுவந்து பிடிபட்டால், ஏய்த்த வரியைப் போல 20 மடங்கு வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

போட்டுப் பழகிய துணி, கையில் இருக்கும் பழைய போன், தினமும் அணியும் நகை போன்ற சொந்த உடைமைகளுக்கு வரி இல்லை. புதிதாக வாங்கியவை, பரிசாக வந்தவை, தின்பண்டங்கள் ஆகியவைதான் கணக்கில் சேரும். 'நான் காசு கொடுத்து வாங்கவில்லை, கல்யாணத்தில் வந்த பரிசு' என்பது விலக்கு ஆகாது. சிங்கப்பூரிலேயே வாங்கிய விலை உயர்ந்த கேமராவையோ கடிகாரத்தையோ ஊருக்கு எடுத்துப் போனால், அதன் பழைய ரசீதின் படம் ஒன்று போனில் இருக்கட்டும். திரும்பும்போது இது ஏற்கெனவே என்னுடையது என்று காட்ட வேண்டி வரலாம்.

விற்பதற்குக் கொண்டுவருவது வேறு விஷயம். தீபாவளிக்கு முன்னால் காஞ்சிபுரத்திலிருந்து இருபது முப்பது புடவை எடுத்துவந்து வீட்டிலிருந்தே விற்கும் அக்காமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். வியாபாரச் சரக்குக்கு இந்தப் பயணிச் சலுகை செல்லாது. அதற்கு இறக்குமதி அனுமதி எடுத்து, முறையாக வரி கட்ட வேண்டும். உறவினர்கள் நாலு பேருக்குப் பிரித்துக் கொடுத்துக் கொண்டுவரச் சொல்லும் வழி பிடிபட்டால், அந்த நாலு பேரும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: ஊரை விட்டுக் கிளம்பும் முன்

சிங்கப்பூர்ச் சட்டத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்போம். ஆனால் முதல் சோதனை இந்திய விமான நிலையத்தில். மயிற்பீலியைப் பூஜையறைக்கு என்று சுருட்டி வைப்பார்கள். அதை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை. செஞ்சந்தனக் கட்டைக்கும் அப்படியே. தாத்தா காலத்துப் பஞ்சலோகச் சிலையை மகன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று நினைத்தால், நூறு வயது தாண்டிய கலைப்பொருட்களை வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தனியாரை அனுமதிப்பதில்லை. சுவாமிமலையில் புதிதாக வார்த்து வாங்கிய சிலை என்றாலும், பழமையாகத் தெரியும்படி இருந்தால், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் ஒரு சான்று வாங்கிக்கொள்வது நல்லது. குறைந்தபட்சம் செய்தவர் கொடுத்த பில்லாவது கையில் இருக்கட்டும்.

நகை விஷயத்தில் ஒன்று. இந்தியாவில் வசிக்கும் அம்மா, அத்தை ஒரு மாதத்துக்கு இங்கே வருகிறார்கள், உடம்பில் நிறைய நகை இருக்கிறது என்றால், கிளம்பும்போதே இந்தியச் சுங்கத்தில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். திரும்பிப் போகும்போது, இது சிங்கப்பூரில் வாங்கியதா என்ற கேள்வி எழுந்தால் அந்தக் காகிதம் பதில் சொல்லும். அதற்காகவே ஒரு மணி நேரம் முன்னதாக விமான நிலையம் போகலாம். இந்திய ரூபாய் நோட்டாக 25,000 வரைதான் வெளியே எடுத்துவரலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: தடைப் பட்டியலை வைத்துப் பெட்டியைப் பிரிப்பது

வரி கட்டினாலும் உள்ளே விடமாட்டார்கள் என்ற வகை இது. நம்மவர்களின் பெட்டியில் வரக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

புகையிலைதான் முதலில். மூக்குப்பொடி, குட்கா, கைனி, ஜர்தா, மெல்லும் புகையிலை எல்லாம் 2016 ஆகஸ்ட் முதல் தடை செய்யப்பட்டவை. வெற்றிலைப் பெட்டியோடு வரும் பாட்டியின் சுருக்குப்பையை ஒருமுறை பிரித்துப் பாருங்கள், புகையிலைத் துண்டு இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். வேப் எனப்படும் மின்சிகரெட்டை வைத்திருப்பதே 2018 பிப்ரவரியிலிருந்து குற்றம். கல்லூரிப் பிள்ளைகள் வரும்போது இதை நேரடியாகவே கேட்டுவிடுவது நல்லது. சங்கடப்பட்டுக்கொண்டு கேட்காமல் விட்டால் அந்தப் பிள்ளைக்குத்தான் கஷ்டம்.

சுவிங்கம் 1992 முதல் தடை. மருத்துவக் காரணத்துக்கான சில வகைகள் மட்டும் இங்கே மருந்தாளர் வழியாகக் கிடைக்கும். பிள்ளைகளின் பையில் இரண்டு மூன்று பாக்கெட் கிடக்கும், பார்த்து எடுத்துவிடுங்கள். பட்டாசும் கூடாது. துப்பாக்கி வடிவ லைட்டரும் கூடாது. புலிநகம் கோத்த சங்கிலி, யானைத் தந்தத்தில் செய்த பொருள் ஆகியவை அழியும் நிலையிலுள்ள உயிரினச் சட்டத்தின் கீழ் வரும். பரம்பரைச் சொத்து என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது.

கசகசா. குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசாதான். அது ஓப்பியம் செடியின் விதை. போதைப்பொருள் தடயம் இல்லை என்று சோதனையில் தெரிந்த பிறகுதான் இறக்குமதிக்கே அனுமதி தருவார்கள். நூறு கிராம் கசகசாவுக்காக யாரும் அந்தப் பாட்டைப் பட வேண்டியதில்லை. முந்திரியை அரைத்து ஊற்றிக்கொள்ளலாம்.

போதைப்பொருளைப் பற்றி மட்டும் குரலை உயர்த்தியே சொல்கிறேன். 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் சிங்கப்பூர்ச் சட்டத்தில் மரண தண்டனை. உங்கள் வசம் உள்ள பையில் அது இருந்தால், அது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். ஆகவே, அடுத்தவர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்காதீர்கள். 'என் தம்பி சாங்கியில் வந்து வாங்கிக்கொள்வான், ஊறுகாய்தான்' என்று விமான நிலைய வாசலில் கெஞ்சும் முகம் தெரியாத ஆளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். தெரிந்தவர் கொடுத்தால், அவர் கண் முன்னாலேயே பிரித்துப் பார்த்து நீங்களே மறுபடி கட்டுங்கள். இதில் யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நான்காம் படி: சாப்பாடும் மருந்தும்

பொடி, வடகம், முறுக்கு, பால்கோவா, ஊறுகாய் எல்லாம் வீட்டு உபயோகத்துக்கு ஒருவருக்கு 5 கிலோ என்ற அளவுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். பழம், காய்கறி, கறிவேப்பிலைக் கட்டும் சொந்தத் தேவைக்கான சிறு அளவு என்றால் கொண்டுவரலாம். மண்ணும் வேருமாகத் துளசிச் செடி கொண்டுவருவதற்கு முன் அனுமதி வேண்டும், ஆகவே அதை விட்டுவிடுங்கள். இங்கே தேக்கா சந்தையில் கிடைக்கும்.

கருவாட்டுப் பிரியர்களுக்கு நல்ல செய்தி. மீன் வகைகள் சொந்த உபயோகத்துக்கு 5 கிலோ வரை அனுமதி. அதற்குள் குளிரூட்டிய அல்லது உறைந்த இறால் 2 கிலோவைத் தாண்டக்கூடாது. சமைத்த இறால், நண்டுச் சதை, குளிரூட்டிய சிப்பி கூடாது. நெத்திலிக் கருவாட்டை இரண்டு மூன்று உறைகளில் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். இது சட்டத்துக்காக இல்லை, பக்கத்துப் பெட்டிக்காரருக்காக.

இறைச்சிக்கும் முட்டைக்கும் விதி கடுமையானது. சிங்கப்பூர் உணவு அமைப்பு ஏற்றுக்கொண்ட நாடுகளிலிருந்து வந்தால்தான் இறைச்சி 5 கிலோ வரையிலும் முட்டை 30 வரையிலும் அனுமதி. ஊரில் ஆசையாகச் செய்து கொடுக்கும் மட்டன் சுக்கா, உப்புக்கண்டம், நாட்டுக்கோழி முட்டை எதுவும் இதற்குள் அடங்காது. அம்மாவின் மனம் நோகாமல் இதைச் சொல்வது கடினம்தான். கறி மசாலாவை மட்டும் அரைத்து வாங்கிக்கொண்டு, கறியை இங்கே வாங்கி அவர் வந்ததும் சமைக்கச் சொல்வதுதான் எங்கள் வீட்டு வழி.

மருந்துகள் மூன்று மாதத்துக்குத் தேவையான அளவு வரை, சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு வையுங்கள். ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுக் கொண்டுவருவது பெரியவர்களின் வழக்கம். அதிகாரிக்கு எது என்ன மருந்து என்று தெரியாது. தூக்க மாத்திரை, டிரமடால் போன்ற கடுமையான வலிநிவாரணி, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். வருவதற்குப் பத்து வேலை நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். அதனால் டிக்கெட் எடுத்த அன்றே மருந்துச் சீட்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு பெயரையும் அவர்கள் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: மது, சிகரெட்

சிங்கப்பூரில் சுங்கத் தீர்வை விதிக்கப்படும் பொருட்கள் நான்கே வகை: மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருட்கள். மேலே சொன்ன 500 வெள்ளிச் சலுகைக்குள் மதுவும் புகையிலையும் சேராது. மதுவுக்குத் தனிச் சலுகை உண்டு, அதற்கு நிபந்தனைகளும் உண்டு. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், வருவதற்குச் சற்று முன்புவரை 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வந்திருக்கக் கூடாது, சொந்த உபயோகத்துக்காக இருக்க வேண்டும்.

மொத்தம் 2 லிட்டர். விஸ்கி, பிராந்தி போன்றவை 1 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. கூட ஒரு லிட்டர் ஒயினோ பீரோ சேர்க்கலாம். விஸ்கியே வேண்டாம் என்றால் ஒயின் ஒன்று, பீர் ஒன்று, அல்லது இரண்டும் ஒயின், அல்லது இரண்டும் பீர். இரண்டு லிட்டர் விஸ்கி என்பது இந்தச் சேர்க்கைகளில் இல்லவே இல்லை. அங்கேதான் பலர் தவறுகிறார்கள். சென்னையில் டியூட்டி ஃப்ரீ கடையில் ஒன்று, சாங்கியில் இறங்கியதும் வருகைக் கூடத்துக் கடையில் இன்னொன்று என்று வாங்கினால், இரண்டும் ஒரே கணக்கில்தான் சேரும்.

கூடுதல் பாட்டிலுக்கு என்ன ஆகும்? 40 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒரு லிட்டர் விஸ்கி, விலை 50 வெள்ளி என்று வையுங்கள். தீர்வை, ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி. பாட்டிலில் 0.4 லிட்டர் ஆல்கஹால் இருப்பதால் 35 வெள்ளி 20 காசு. விலையும் தீர்வையும் சேர்ந்த 85.20-க்கு 9 விழுக்காடு வரி 7.67. ஆக, கூடுதலாகக் கிட்டத்தட்ட 43 வெள்ளி. இதைக் கட்டிக் கொண்டுவருவதில் தப்பேதும் இல்லை, லாபமும் இல்லை.

சிகரெட்டுக்குச் சலுகையே கிடையாது. ஒரு பாக்கெட் ஆனாலும், பிரித்த பாக்கெட் ஆனாலும் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும். விமானத்துக்குள்ளேயே விற்றதுதானே என்று கேட்பார்கள். எங்கே விற்றாலும் விதி அதேதான்.

ஆறாம் படி: பணமும் தங்கமும்

ரொக்கமும், கையில் வைத்திருப்பவர் யாரானாலும் பணமாக மாற்றிக்கொள்ளக்கூடிய காசோலை போன்றவையும் சேர்த்து மதிப்பு 20,000 வெள்ளியைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் இதே கணக்கு. இதற்கு வரி எதுவும் கிடையாது, தகவல் தந்தால் போதும். தராமல் விட்டால் 50,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வீடு விற்ற பணத்தைக் கையில் கொண்டுவருவதைவிட வங்கி வழியாக அனுப்புவதுதான் நிம்மதி.

புது நகைக்கு 9 விழுக்காடு வரிக் கணக்கு பொருந்தும். 99.5 விழுக்காடு தூய்மையுள்ள முதலீட்டுத் தங்கக் கட்டி, குறிப்பிட்ட நாணயங்களுக்கு 2012 அக்டோபர் முதல் விலக்கு உண்டு. நம் ஊர் 22 காரட் நகை அதில் வராது.

ஏழாம் படி: வருவதற்கு மூன்று நாள் முன்பும், வந்து இறங்கியதும்

வருகை அட்டையை இணையத்தில் மூன்று நாட்களுக்குள் நிரப்புவது எல்லோருக்கும் தெரிந்ததே. அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. அதே மூன்று நாட்களில் சுங்கத்துறையின் 'கஸ்டம்ஸ் அட் எஸ்ஜி' தளத்தில் பொருட்களை அறிவித்து வரியையும் கட்டிவிடலாம். ஊரிலிருந்தே, சோபாவில் உட்கார்ந்தபடி முடிகிற வேலை. பில்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். கட்டி முடித்ததும் வரும் ரசீதைப் போனில் படமாகச் சேமித்துவையுங்கள், இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும்படி. அப்படிக் கட்டியவர்கள், அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியிலேயே வரலாம். யாராவது நிறுத்தினால் ரசீதைக் காட்டினால் போதும்.

முன்பே கட்டாதவர்கள் பெட்டியை எடுத்ததும் நேராகச் சிவப்பு வழிக்குப் போக வேண்டும். சிவப்பு என்றதும் குற்றவாளிகள் போகும் வழி என்று பெரியவர்கள் மிரளுவார்கள். அது வெறும் கட்டணக் கவுண்டர், மின்கட்டணம் கட்டுவது மாதிரிதான் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் நிதானமாகப் போவார்கள். பில் இல்லாத பொருளுக்கு அதிகாரியே மதிப்புப் போடுவார். எதற்கு வரி, எதற்கு இல்லை என்று சந்தேகம் இருந்தாலும் சிவப்பு வழியில் போய்க் கேட்டுவிடுவது உத்தமம். பச்சை வழியில் கால் வைத்துவிட்டால், அறிவிக்க ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்லிவிட்டதாகவே அர்த்தம். நிறுத்திய பிறகு 'சொல்லலாம் என்றுதான் இருந்தேன்' என்றால் எடுபடாது.

தமிழ் மட்டும் தெரிந்த பெற்றோர் தனியாக வருகிறார்கள் என்றால், பெட்டியில் உள்ள முக்கியப் பொருட்கள், அவற்றின் விலை, உங்கள் பெயர், போன் எண் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். கவுண்டரில் அந்தத் தாளை நீட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். தமிழ் பேசும் அதிகாரி அங்கே இருக்கவும் கூடும். தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம் என்றும் சொல்லியனுப்புங்கள்.

பக்கத்தில் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு ஒரு நாள் போய் வருபவர்களுக்கும் இதே விதிதான், அளவுதான் வேறு. 48 மணி நேரம் ஆகாததால் 100 வெள்ளிச் சலுகை, மதுவுக்குச் சலுகை அறவே இல்லை. உட்லண்ட்ஸ், துவாஸ் ஆகிய இரண்டு எல்லைச் சோதனைச் சாவடிகளிலும் சிவப்பு வழி உண்டு. கார் சிங்கப்பூரில் பதிவானது என்றால், கிளம்பும்போதே டேங்க்கில் முக்கால்வாசிக்கு எரிபொருள் இருக்க வேண்டும்.

பெரியப்பா போன வருஷம் மறுபடி வந்தார். மூக்குப்பொடியை வீட்டிலேயே வைத்துவிட்டு, மருமகளுக்கு வாங்கிய இரண்டு பட்டுப்புடவையின் பில்லையும் நான் எழுதிக்கொடுத்த தாளையும் கையில் பிடித்தபடி சிவப்பு வழியில் போயிருக்கிறார். வெளியே வந்ததும் ரசீதை என்னிடம் நீட்டி, 'பத்திரமா வை, கேட்டா காட்டணும்' என்றார்.